பொலாங்கோவும் போயாச்சு: 2026-ல மரைனர்ஸை நம்பலாமா?
(சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் ரசிகர்கள் 2026 சீசனுக்கு முந்தைய குளிர்காலத்துல பேசினது)

எட்கர்_தெரு:
மெட்ஸ் அணி ரெண்டு வருஷத்துக்கு 40 மில்லியன் டாலர் குடுத்துச்சு, நம்ம ஹிட்டர் ஹோர்ஹே பொலாங்கோ நியூயார்க் கிளம்பிட்டார். அவர் மேல ஒரு தப்பும் இல்லை. 32 வயசுல அந்தப் பணத்தை யார் வேண்டாம்பாங்க? என் கோபமெல்லாம் நம்ம நிர்வாகத்து மேலதான்.

போன அக்டோபர் பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சப்புறம் நடக்கற நாக்-அவுட் தொடர்) டெட்ராய்ட்டோட அஞ்சாவது ஆட்டம் ஞாபகம் இருக்கா? வழக்கமா ஒன்பதுல முடியறது, 15-வது இன்னிங்ஸ், ராத்திரி மணி பத்து. ஜெயிக்க வெச்ச அடி பொலாங்கோவோடது. அதே தொடர்ல ரெண்டாவது ஆட்டத்துல அவங்க டாரிக் ஸ்கூபல் பந்தை ரெண்டு தடவை சுவருக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடிச்சவரும் அவர்தான். 2024, 2025 ரெண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான (பந்து எறியறவர்) சை யங் விருது வாங்கின ஆளுய்யா ஸ்கூபல்! அந்த மாதிரி ஆளை அக்டோபர்ல அடிக்கிறவன் ஊருக்கு ஒருத்தன்கூடக் கிடைக்க மாட்டான்.

அடுத்தது நம்ம இன்னொரு ஹிட்டர் யூஹேனியோ சுவாரெஸ். ஒப்பந்தம் முடிஞ்சு அவர் இன்னும் சந்தையிலதான் இருக்கார். அவரையும் விட்டுருவாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள தோணுது. இந்தக் குளிர்காலத்துல நடந்த ஒரே உருப்படியான காரியம் ஜாஷ் நெய்லரை அஞ்சு வருஷம், 92.5 மில்லியனுக்குப் பிடிச்சு வெச்சது. அதோட கடையைச் சாத்திட்டாங்களோன்னு பயமா இருக்கு.

அக்டோபர் 20, டொராண்டோ, ஏழாவது ஆட்டம். 3-1 முன்னிலை, ஏழாவது இன்னிங்ஸ், ஒரு அவுட் ஆயாச்சு. இன்னும் எட்டு அவுட் எடுத்திருந்தா வேர்ல்ட் சீரிஸ், அதான் கோப்பைக்கான கடைசித் தொடர். 1977-ல ஆரம்பிச்ச அணி. மொத்தம் இருக்கற 30 அணியில அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதது நாம மட்டும்தான். அவ்வளவு கிட்டப் போன அணி அடுத்த குளிர்காலத்துல ஆளைச் சேர்க்கணுமா, இருக்கறவங்களை அனுப்பணுமா? இதுக்கு யாராவது நேரா பதில் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
நேராகவே சொல்கிறேன். பொலாங்கோவை விட்டது சரி.

போன சீசன் 26 ஹோம் ரன் அடித்தார், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய சீசனை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள். 2024-ல் இதே சட்டையில் அவருடைய பேட்டிங் சராசரி .213. அப்போது இதே ஆட்கள்தான் "இந்த ஆளை எதுக்கு வாங்கினீங்க" என்று கத்தினார்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன மனிதர். இரண்டாவது பேஸில் முழு சீசன் நிற்க முடியாது என்பதால்தான் மெட்ஸே அவரை முதல் பேஸ் பக்கம் யோசிக்கிறது. நமக்கு முதல் பேஸில் நெய்லர் இருக்கிறார். 7.75 மில்லியனுக்கு அவர் ஆடியது நமக்கு லாபம். வருஷம் 20 மில்லியன் கொடுத்து அதே ஆட்டத்தைத் திரும்ப எதிர்பார்ப்பது நஷ்டக் கணக்கு.

இந்த அணி நிற்பது பிட்சிங்கில். கிர்பி, கில்பர்ட், வூ, காஸ்டியோ, மில்லர் ஐந்து பேரும் 2026-லும் இருக்கிறார்கள். 2025-ல் இவர்களில் காஸ்டியோ ஒருவர்தான் சீசன் முழுக்கத் தாக்குப்பிடித்தார். கிர்பிக்குத் தோள், கில்பர்ட்டுக்கும் மில்லருக்கும் முழங்கை, கடைசியில் செப்டம்பரில் வூவுக்கு மார்புத் தசை. இத்தனை பேர் படுத்தும் 90 வெற்றி, 2001-க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம் (நம் பிரிவில் முதலிடம்). ஐந்து பேரும் ஆரோக்கியமாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசியுங்கள்.

எட்கர்_தெரு:
"ஆரோக்கியமாக இருந்தால்"! பிட்சர் தோளை நம்பி வீடு கட்டச் சொல்றீங்க, தலைவரே.

பிட்சிங் மட்டும் போதும்னா 2022-லயே போதுமா இருந்திருக்கணும். பிளேஆஃப்ல ஹூஸ்டனோட 18 இன்னிங்ஸ் ஆடினோம். 17 இன்னிங்ஸ் அவங்களுக்கு ஒரு ரன் குடுக்கலை. நாம எத்தனை எடுத்தோம்? பூஜ்யம். 1-0. அந்த ஆட்டத்துக்கப்புறமாவது ரெண்டு பெரிய ஹிட்டர் வருவாங்கன்னு பார்த்தேன். வரலை. 2023-ல ஒரே ஒரு ஆட்டத்துல பிளேஆஃப் போச்சு. 2024-லயும் அதே ஒரு ஆட்டம். அந்த வருஷம் ஜூன்ல பத்து ஆட்டம் முன்னாடி இருந்தோம், அதையும் ஹூஸ்டனுக்குத் தாரை வார்த்தோம்.

ஒவ்வொரு தடவையும் ஒரு ஹிட்டர் குறையுது. ஒவ்வொரு தடவையும் "பிட்சிங் இருக்கே"ன்னு பதில் வருது.

கணக்குப்பிள்ளை:
2021-லிருந்து வரிசையாக 90, 90, 88, 85, 90 வெற்றி. 810 ஆட்டத்தில் 443. அதாவது 54.7 சதவீதம். நம் அணி நிர்வாகத்தை நடத்தும் ஜெர்ரி டிபோடோ 2023 கடைசியில் 54 சதவீதம் என்று சொன்னபோது ஊரே சிரித்தது. பத்து வருஷம் அந்த அளவில் ஜெயித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கதவு திறக்கும் என்பதுதான் அவர் வாதம். 2025-ல் கதவு பாதி திறந்தது. சொன்ன திசையில்தானே வண்டி போகிறது?

எட்கர்_தெரு:
பாதி திறந்த கதவுல விரல் மாட்டிக்கிச்சு, அதான் நடந்தது.

அந்த 443 வெற்றியில நமக்குக் கிடைச்ச பிளேஆஃப் எத்தனை? ரெண்டு. அஞ்சு வருஷத்துல ரெண்டு. 54.7-ஐ எடுத்துட்டுப் போய் டிராஃபி அலமாரியில வைங்க.

ஹம்பி_ரசிகன்:
நீங்க ரெண்டு பேரும் சதவீதம் பேசுங்க. போன சீசனைக் காப்பாத்தினது யாருன்னு எனக்குத் தெரியும். செப்டம்பர் ஆரம்பத்துல அணி தள்ளாடிக்கிட்டு இருந்தப்போ ஒரு ரசிகர் எட்ஸிங்கற ஆன்லைன் கடையில ஒரு சூனியக்காரிக்குப் பணம் கட்டி மந்திரம் போடச் சொன்னாரு. அதுக்கப்புறம் 18 ஆட்டத்துல 17 வெற்றி. ஹூஸ்டன்லயே போய் மூணுக்கு மூணு. 92.5 மில்லியன் எல்லாம் வேண்டாம், அந்த அம்மாவுக்கு நீண்டகால ஒப்பந்தம் போடுங்க.

மூன்றாம்தளம்:
ஹம்பி, நீங்க சிரிக்க வெச்சிட்டீங்க. ஆனா எனக்கு இந்த ரெண்டு பேர்கிட்டயும் சண்டை இருக்கு. பொலாங்கோ, சுவாரெஸ், 54 சதவீதம்னு சுத்திச் சுத்திப் பேசறீங்க, ஒருத்தரும் நம்ம கேட்சர் (பேட்டர் பின்னாடி குந்திப் பந்தைப் பிடிக்கறவர்) கேல் ராலி முதுகைப் பத்திப் பேசலை.

மனுஷன் 60 ஹோம் ரன் அடிச்சார். கேட்சர் ஒருத்தர் அதுக்கு முன்னாடி அடிச்ச அதிகபட்சம் 48, சால்வடோர் பெரஸ். ரெண்டு கையாலயும் ஆடறவங்கள்ல மிக்கி மாண்டில் 1961-ல அடிச்ச 54. நம்ம ஊர்ல கென் கிரிஃபியோட 56. மூணையும் ஒரே சீசன்ல தாண்டிட்டார். டிவிஷன் பட்டம் உறுதியான அதே ராத்திரி 59-உம் 60-உம். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. எம்.வி.பி. (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்) விருதை ஆரோன் ஜட்ஜுக்குக் குடுத்தது மட்டும் எனக்கு இன்னும் ஆறலை, அது வேற கதை.

நான் கேக்கறது இதுதான். 162-ல 159 ஆட்டம் ஆடினார். கேட்சிங் இல்லாத நாள்ல டி.எச்., அதாவது பேட்டிங் மட்டும். அதுக்கப்புறம் பிளேஆஃப்ல 12 ஆட்டம், அதுல ஒண்ணு 15 இன்னிங்ஸ். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கையில மணிக்கு 98 மைல் பந்து வாங்கி வாங்கி... 2026-லயும் அதே மாதிரி ஓட்டினா அந்த உடம்பு என்ன ஆகும்? அந்தக் கவலையில இருக்கறப்போ அவருக்கு மாத்தா வளர்ந்துக்கிட்டிருந்த ஹாரி ஃபோர்டைத் தூக்கி வாஷிங்டனுக்குக் குடுத்துட்டாங்க. ஒரு ரிலீவருக்காக, ஆட்டத்துக்கு நடுவுல வர்ற பிட்சருக்காக!

கணக்குப்பிள்ளை:
அந்த ரிலீவர் ஹோசே ஃபெரர். இடது கைக்காரர், சிங்கரை (கடைசியில் கீழே இறங்கும் பந்து) வேகமாக எறிவார், அதை அடித்தால் பந்து தரையில்தான் உருளும். கேப் ஸ்பைய்ரைத் தவிர புல்பென்னில் (ரிலீவர் கூட்டத்தில்) நம்பகமான இடது கை இல்லாமல் அக்டோபர் முழுக்க நாம் திண்டாடியதை மறந்துவிட்டீர்களா? அதுவும் அவர் இன்னும் சில வருஷம் நம் கையில் இருப்பார். ஃபோர்டு நல்ல பையன்தான். ஆனால் 2030 வரை கேலுக்கு 105 மில்லியன் ஒப்பந்தம் இருக்கும்போது அவர் எங்கே ஆடுவார்?

மூன்றாம்தளம்:
வாரத்துல ரெண்டு நாள் ஆடுவார். அதைத்தான் சொல்றேன்.

இப்போ மலிவா ஒரு மூத்த கேட்சரைப் பிடிச்சுப் போடுவாங்க. அவர் அடிக்கமாட்டார். அடிக்காததால நம்ம மேலாளர் டான் வில்சன் அவரை இறக்க மாட்டார். மே மாசம் ரெண்டு ஆட்டம் தோத்தா "கேல் இல்லாம முடியாது"ன்னு மறுபடியும் அவரையே குந்த வைப்பாங்க. ஆகஸ்ட்ல அவர் சராசரி இறங்கும், அப்போ இங்கயே நாலு பேர் "60 எல்லாம் ஒரு தடவைதான்"னு எழுதுவீங்க.

எட்கர்_தெரு:
அக்கா சொல்றது என் கட்சியைத்தான் பலப்படுத்துது. 2026-க்கு இவங்க திட்டமே "கேல் திரும்பவும் 60 அடிப்பார்"ங்கறதுதான். அவர் 35 அடிச்சார்னு வைங்க, அதுவே ஒரு கேட்சருக்குப் பிரமாதம். மீதி 25-ஐ யார் அடிக்கறது? பொலாங்கோ இல்லை. சுவாரெஸ் வந்தா வருவார், இல்லேன்னா இல்லை. நெய்லர் ஹோம் ரன் ஆள் இல்லை.

கணக்குப்பிள்ளை:
சுவாரெஸ் நம்மிடம் வந்த பிறகு அவருடைய சராசரி .189. வரப்போகும் ஜூலையில் 35 வயது ஆகிறது.

எட்கர்_தெரு:
டொராண்டோவோட அஞ்சாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், சுவாரெஸோட கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில நாலு ரன். அந்தச் சத்தத்துல ஸ்டேடியம் ஆடினது .189 கணக்குல எங்க வருது?

ஸ்கார்பரோக்காரன்:
வணக்கம் சியாட்டில் சனங்களே. டொராண்டோ எண்டு பேரைக் கண்டவுடன எட்டிப் பாத்தனான். அந்தக் கிராண்ட் ஸ்லாமை நானும் பாத்தனான், வயிறு எரிஞ்சது உண்மைதான். அதுக்குப் பிறகு ரெண்டு ஆட்டம் எங்கட ஊரில. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் எட்டு அவுட்டுக்கு அழுகிறியள். நான் என்ன செய்ய? நவம்பர் 1, டாட்ஜர்ஸோட வேர்ல்ட் சீரிஸ் கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 முன்னால நிக்கிறம். இன்னும் ரெண்டே ரெண்டு அவுட். வரிசையில ஒன்பதாவதா வந்த மிகேல் ரோஹாஸ், ஹோம் ரன் அடிப்பான் எண்டு அவன்ர வீட்டுச் சனம் கூட நினைச்சிருக்காது, எங்கட ஹோஃப்மன்ர பந்தைத் தூக்கி அடிச்சான். பதினொராவதில வில் ஸ்மித். முடிஞ்சுது கதை. 1993-க்குப் பிறகு வந்த ஒரு வாய்ப்பு, அதுவும் போச்சு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, கேளுங்கோ. தோத்து ஒரு மாதம் ஆகேல்ல, எங்கட நிர்வாகம் பிட்சர் டிலன் சீஸுக்கு ஏழு வருசம், 210 மில்லியன் குடுத்து எடுத்தது. தோல்வி சுட்டால் அப்பிடித்தான் செய்யவேணும்.

எட்கர்_தெரு:
பாருங்க, எதிராளி வந்து எனக்கு வக்காலத்து வாங்கறார்.

அது சரி ஸ்கார்பரோ அண்ணாச்சி, 2022 அக்டோபர் 8 ஞாபகம் இருக்கா? உங்க ஊர்ல 8-1 முன்னாடி இருந்தீங்க. 10-9-ல நாங்க ஜெயிச்சு வந்தோம். ஜே.பி. கிராஃபோர்ட் அடிச்ச பந்துக்கு உங்க ஸ்பிரிங்கரும் பிஷெட்டும் ஓடிவந்து மோதிக்கிட்டாங்களே!

ஸ்கார்பரோக்காரன்:
மறப்பனோ? அண்டைக்கு ஸ்பிரிங்கரை வண்டியில ஏத்திக் கொண்டுபோனவை. மூண்டு வருசம் கழிச்சு அதே ஆள் அந்த ஏழாவது ஆட்டத்தில வட்டியோட திருப்பித் தந்தவர்.

பிறகு, நெய்லர் எங்கட மிசிசாகா பொடியன். கவனமா வச்சிருங்கோ.

புதுசு_பெல்வியூ:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆளு, போன அக்டோபர்லதான் ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கறாங்களேன்னு பேஸ்பால் பார்க்க ஆரம்பிச்சேன். ஒரு விஷயம் மட்டும் புரியவே இல்லை. அணியில முன்யோஸ்தான் சிறந்த பௌலர்னு எல்லாரும் சொல்றாங்க. ஆட்டம் கையை விட்டுப் போற நேரத்துல அவர்கிட்ட பந்தைக் குடுக்காம வேற யாருக்கோ ஏன் குடுத்தாங்க? காயமா?

மூன்றாம்தளம்:
காயமெல்லாம் இல்லை. நல்லா உட்கார்ந்திருந்தார். அதுதான் வயித்தெரிச்சல்.

சுருக்கமா சொல்றேன். இங்க ஒரு பிட்சரை வெளியே எடுத்தா மறுபடி உள்ளே கொண்டு வர முடியாது. அதனால சிறந்த ரிலீவரைக் கடைசிக்குன்னு பத்திரப்படுத்தி வைக்கறது பழைய வழக்கம். ஆன்ட்ரெஸ் முன்யோஸ் போன சீசன் 38 ஆட்டத்தை முடிச்சுக் குடுத்தவர், எல்லாம் ஒன்பதாவது இன்னிங்ஸ் வேலை. அன்னிக்கு ஏழாவதுல வூ ஒருத்தரை நடக்க விட்டார், அடுத்தவர் ஒரு சிங்கிள், அதுக்கடுத்தவர் பந்தை மெதுவாத் தட்டி ரெண்டு பேரையும் முன்னாடி நகர்த்திட்டார். ரெண்டாவது, மூணாவது பேஸ்ல ஆள், ஒரு அவுட், மட்டையோட ஸ்பிரிங்கர். டான் வில்சன் கூப்பிட்டது எட்வார்ட் பசார்டோவை. ஸ்பிரிங்கர் அடிச்சது ஹோம் ரன், மூணு ரன்.

புதுசு_பெல்வியூ:
அப்போ பும்ராவை இருபதாவது ஓவருக்குன்னு வெச்சிருந்து பதினேழாவது ஓவர்லயே மேட்சை விட்ட கதை.

மூன்றாம்தளம்:
அதேதான். ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்னு பத்திரமா வெச்சாங்க. அது வந்தது, நாம 4-3 பின்னாடி இருக்கறப்போ.

கணக்குப்பிள்ளை:
பசார்டோ மீது எல்லாப் பாவத்தையும் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன். சீசன் முழுக்க இக்கட்டில் வந்து காப்பாற்றியவர் அவர். அந்த இடத்தில் தேவைப்பட்டது தரையில் உருளும் பந்து. அவருடைய சிங்கர் அதற்குத்தான். எண்ணம் சரி, பந்து விழுந்த இடம் தவறு. அத்தோடு ஒன்பது இன்னிங்ஸில் மூன்று ரன்தான் எடுத்தோம் என்பதும் இருக்கிறது. கடைசி அவுட் நம் ஹூலியோ ரொட்ரிகெஸ், ஸ்ட்ரைக் அவுட்.

மூன்றாம்தளம்:
எண்ணமும் தப்பு. ஸ்பிரிங்கர் மாதிரி அக்டோபர் ஆளுக்கு எதிரா, சீசனோட மிக முக்கியமான நிமிஷத்துல, உங்க நம்பர் ஒன் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கார்னா அதுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. வில்சன் நல்ல மனுஷர், கேட்சரா ஆடினப்போ எனக்குப் பிடிச்ச ஆளு. ஆனா 2026-ல அவர் அந்த ராத்திரியிலிருந்து என்ன மாத்திக்கப் போறார்னு யாராவது அவர்கிட்ட கேட்டாங்களா? புது ஹிட்டரை விட அந்தப் பதில் எனக்கு முக்கியம்.

எட்கர்_தெரு:
மேலாளர் தப்பு பண்ணுவார், எல்லா ஊர்லயும் பண்ணுவாங்க. ரன் நிறைய இருந்தா அந்தத் தப்பு தாங்கும். 3-1-னு நூல்ல தொங்கினா ஒரு தப்புல எல்லாம் போயிரும். அதனால மறுபடியும் ஹிட்டர்கிட்டயே வர்றேன்.

பணம் இல்லைன்னு சொல்லாதீங்க. போன செப்டம்பர், அக்டோபர்ல ஸ்டேடியம் நிரம்பி வழிஞ்சது. அணி உரிமையாளர் ஜான் ஸ்டான்டனும் கூட்டாளிகளும் அந்த வருமானத்தை எங்க வெச்சிருக்காங்க?

கணக்குப்பிள்ளை:
டிவியை மறந்துவிட்டீர்கள். நம் ஆட்டங்களைக் காட்டிய ரூட் ஸ்போர்ட்ஸ் சேனல் மூடியாயிற்று, 2026 முதல் ஒளிபரப்பு எம்.எல்.பி. (லீக் நிர்வாகம்) கையில். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் எவ்வளவு வரும் என்று எந்த அணியும் இப்போது நிம்மதியாகச் சொல்ல முடியாது.

பணத்தைக் கொட்டினால் ஜெயித்துவிடலாம் என்றால் பொலாங்கோ போயிருக்கும் அணியையே பாருங்கள். ஹுவான் சோட்டோவுக்கு 765 மில்லியன். 2025-ல் 83 வெற்றி, கடைசி நாளில் வெளியே. நம்மை விட ஏழு வெற்றி குறைவு.

எட்கர்_தெரு:
மெட்ஸை மட்டும் சொல்றீங்க, டாட்ஜர்ஸ் கண்ணுக்குத் தெரியலையா? ரெண்டு வருஷம் அடுத்தடுத்து கோப்பை.

நான் சோட்டோவைக் கேக்கலை. இருந்த பொலாங்கோவைக் கேட்டேன். அவர் வேண்டாம்னா கீட்டல் மார்ட்டேவைக் கொண்டு வாங்க. ரெண்டு கையாலயும் பேட் பண்ற இரண்டாவது பேஸ்மேன், பொலாங்கோ விட்டுட்டுப் போன ஓட்டைக்கு அளவெடுத்து தெச்ச மாதிரி. வேடிக்கை என்னன்னா அவர் நம்ம பிள்ளை. 2016 நவம்பர்ல நாமதான் அரிசோனாவுக்கு அனுப்பினோம், ஜீன் செகுராவுக்காக. அந்த ட்ரேடைப் பண்ணினதும் இதே டிபோடோ.

கணக்குப்பிள்ளை:
மார்ட்டேவுக்கு அரிசோனா என்ன கேட்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் இளம் வீரர் கோல்ட் எமர்சனைக் கேட்கும். அல்லது கேட் ஆண்டர்சனை. போன வருஷம்தான் டிராஃப்டில் (புது வீரர்கள் தேர்வில்) மூன்றாவது தேர்வாக எடுத்த இடது கைப் பிட்சர். 32 வயது ஆளுக்காக 20 வயது ஆளைக் கொடுப்பது, அதைவிட மோசமான காரியம் இந்த அணியின் வரலாற்றிலேயே நிறைய இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

வரலாறு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. ராண்டி ஜான்சன் 1998-ல் போனார். கிரிஃபி 2000 சீசனுக்கு முன்னால் போனார். அந்த வருஷக் கடைசியில் அலெக்ஸ் ரொட்ரிகெஸ் 252 மில்லியனுக்கு டெக்சஸ் போனார். மூன்று பேரும் போன பிறகு வந்த 2001-ல் என்ன நடந்தது? 116 வெற்றி. இச்சிரோவின் முதல் வருஷம். ஆள் போனாலே அணி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

எட்கர்_தெரு:
2001-ஐ மட்டும் வெட்டி எடுத்துக் காட்டறீங்க. 116 ஜெயிச்சு யாங்கீஸ்கிட்ட 4-1-ல தோத்தோம். அதுக்கப்புறம் 2022 வரைக்கும் பிளேஆஃப் வாசலையே மிதிக்கலை. அந்த இருபது வருஷத்தையும் உட்கார்ந்து பார்த்தவன் நான். "அடுத்த வருஷம் பசங்க வருவாங்க"ன்னு எத்தனை பேர் பேரைச் சொன்னாங்க தெரியுமா?

ஸ்கார்பரோக்காரன்:
எட்கர் அண்ணை, உண்மையைச் சொன்னால் எங்களுக்கு உங்கட பிட்சிங்தான் பயம். ஹிட்டர் வந்தாலும் வராட்டிலும் வூவும் கில்பர்ட்டும் நிண்டால் ஒருத்தரும் லேசில வெல்ல ஏலாது. அந்தக் கணக்குப்பிள்ளை ஐயா சொல்லுறதில ஞாயம் இருக்கு.

மூன்றாம்தளம்:
நன்றி ஸ்கார்பரோ. ஆனா நீங்க வர்றப்போ தயவுசெஞ்சு எங்க ஸ்டேடியத்துல பாதி சீட்டையாவது எங்களுக்கு விட்டு வைங்க. வான்கூவர்லேர்ந்து நீலச் சட்டை போட்டுக்கிட்டு எல்லை தாண்டி வந்துடறாங்க, எங்க ஊர்ல எங்க பிட்சருக்கே கூச்சல் போடறாங்க. மூணாவது தளத்துல என்னைச் சுத்தி ஒரு வரிசை முழுக்க நீலம்.

ஸ்கார்பரோக்காரன்:
அது வான்கூவர்ச் சனம் அக்கா, எங்களில குற்றம் சொல்லாதேங்கோ. ஸ்கார்பரோவில இருந்து வாறதெண்டால் விமானக் காசு ஆர் தாறது?

ஹம்பி_ரசிகன்:
ஸ்டேடியத்துல வேஷம் போட்டு ஓடற மீன் ரேஸ்ல ஹம்பி மீன் ஒரு தடவைகூட ஜெயிக்காம இருந்து, டெட்ராய்ட் ஆட்டத்தன்னிக்கு ஜெயிச்சுது. அன்னிக்கே நாமளும் ஜெயிச்சோம். 2026 பூரா ஹம்பியை ஜெயிக்க விட்டா எந்த ட்ரேடும் தேவையில்லை.

எட்கர்_தெரு:
சரி கணக்குப்பிள்ளை சார், ஒரு தெளிவான கேள்வி. இன்னிக்குத் தேதிக்கு, யாரையும் வாங்கலைன்னா, மூணாவது பேஸ்ல யாரு, ரெண்டாவது பேஸ்ல யாரு? பேர் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது பேஸில் கோல் யங். மூன்றாவதில் பென் வில்லியம்சன், அவருடைய ஃபீல்டிங்குக்காக. ஆனால் என் விருப்பம் வேறு: எமர்சனுக்கு ஏப்ரலிலேயே கதவைத் திறக்க வேண்டும். 2022-ல் ஹூலியோவுக்கு 21 வயது. ஏப்ரல் முழுக்கத் தடுமாறினார், விட்டு வைத்தார்கள், அந்த வருஷக் கடைசியில் சிறந்த புதுமுகம் அவர்தான். போன சீசன் 32 ஹோம் ரன், 30 ஸ்டீல். இளைஞர்களை நம்பியதற்கு இந்த ஊருக்குக் கிடைத்த பரிசு அது.

ஒன்றை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். கிராஃபோர்டுக்கும் அரோசரேனாவுக்கும் 2026-தான் ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். கில்பர்ட்டுக்கு இன்னும் இரண்டு. ஆகவே அவசரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜூலையில் ட்ரேடுக்கான கெடு நாளில் வாங்கலாம். 2025-ல் நெய்லரும் சுவாரெஸும் வந்தது ஜூலையில்தான்.

எட்கர்_தெரு:
ஹூலியோவைச் சொன்னீங்க. ஜாரெட் கெலெனிக்கை ஏன் விட்டுட்டீங்க? அவரும் "அடுத்த கிரிஃபி" வகையறாதான். 2021-ல இறக்கினாங்க, .181. கடைசியில அட்லாண்டாவுக்குத் தள்ளிவிட்டாங்க. ஒரு மேஜர் லீக் ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடியே எவன் வைட்டுக்கு நீண்டகால ஒப்பந்தம் போட்டு உட்கார வெச்சதும் இதே ஆளுங்கதான். அஞ்சு பசங்கள்ல ஒருத்தன் ஹூலியோ ஆவான். 20 வயசுப் பையன் தலையில வேர்ல்ட் சீரிஸைக் கட்டி ஏப்ரல்ல இறக்கறது அவனுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

ஜூலையில வாங்கறதுல இன்னொரு சங்கடம். ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் தோத்த ஆட்டத்தை யாரும் திருப்பித் தர மாட்டாங்க. 2023-லயும் 2024-லயும் ஒரு ஆட்டத்துல போச்சே, அந்த ஒரு ஆட்டம் ஏப்ரல்ல தோத்ததாவும் இருக்கலாம் இல்லையா? சுவாரெஸை இப்பவே கையெழுத்து வாங்குங்க. ஒரு வருஷம் போதும். எமர்சன் நம்ம கிளை அணி டகோமாவுல நிதானமா ஆடட்டும், தயாரானதும் வரட்டும்.

கணக்குப்பிள்ளை:
சுவாரெஸுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் என்றால் நானும் எதிர்க்கமாட்டேன். விலையைப் பொறுத்தது. மூன்று வருஷம் கேட்டால் வேண்டாம்.

எட்கர்_தெரு:
அப்பாடா. மார்ட்டே?

கணக்குப்பிள்ளை:
எமர்சன் இல்லாமல் என்றால் பேசலாம். எமர்சனோடு என்றால் நான் ஸ்டேடியம் பக்கமே வரமாட்டேன்.

மூன்றாம்தளம்:
ரெண்டு பேரும் ராசி ஆனதுல சந்தோஷம். மார்ச்ல வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக், நாடுகள் மோதற போட்டி. கேல் அமெரிக்க அணிக்கு ஆடறார். அங்கயும் கேட்சர் வேலைதான். அதாவது எல்லாரும் வெயில்ல நிதானமா உடம்பைத் தயார் பண்ற மாசத்துல இவர் முழு வேகத்துல ஆடிட்டு, நேரா சீசனுக்கு வந்து மறுபடியும் 159. சுவாரெஸ், மார்ட்டே, எமர்சன் யாரு வேணா வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. செவ்வாயும் ஞாயிறும் கேலுக்குப் பதிலா குந்தப் போறது யாரு? இதை நான் கேட்டு ரொம்ப நேரம் ஆச்சு, ஒருத்தரும் பேர் சொல்லலை.